‘சரியாக’ மணி 6.30

சிறுகதை நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழில் ‘மாலை மணி 6.30க்குச் சரியாக’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் ‘சரியாக’வை நம்பி, வகுப்பு முடிந்த கையோடு எல்ஆர்டி ரயில் ஏறி, செய்தி சேகரிக்கக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் நானும், மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனும்தான்.

குத்துவிளக்கு ஏற்றும்போது மணி எட்டு. ‘டத்தோ’ பட்டம் பெற்ற பிரமுகர் வரவேண்டுமே! அப்புறம் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை. நடுநடுவே பொன்னாடை, மாலை. சிறுகதைத் தொகுப்பைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். அதில் பாதியை அவர் அவையோரை விளிப்பதிலேயே செலவழித்துவிட்டார். கதைகளை எழுதியவரோ, ஓரத்தில் புத்தக மேசையில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். (அவரிடம் பேசியதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே செய்தி.)

சரி, அதையாவது எழுதலாம் என்று எழுதினால், செய்தி வந்த அன்று காலையிலேயே ஏற்பாட்டாளரிடமிருந்து வாட்ஸ்அப்: “தங்கச்சி, டத்தோ பேரு மூணாவது பத்தியிலதான் வருது. படத்துல பொருளாளர் வேற இல்ல.” பதினான்கு பேர் வரிசையாக நின்ற படம் அது. பொருளாளரின் காது தெரிகிறது, பெரிதாக்கிப் பார்த்தேன்.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. எழுத இருக்கும் இடமே கொஞ்சம். அதையும் பட்டங்களுக்கே கொடுத்துவிட்டால் கதையை எங்கே வைப்பது?

அடுத்த சனிக்கிழமை ஒரு மேடை நாடகம். ஏழரைக்காம். வழியில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு எட்டரைக்குப் போனால் போதும்.