கொடியை மறந்தால் உடனே தகுதிநீக்கமா?

“சேஃப்டி ஃபிளாக் இல்லாமல் ஏர் ரைஃபிளைக் கீழே வைத்தால் உடனே தகுதிநீக்கம், ஆனால் கடைசி ஷாட் அடித்த பிறகு எப்போது வேண்டுமானாலும் பெட்டியில் வைக்கலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) காலியாக இருக்கிறது என்று காட்ட அதில் செருகும் கொடிதான் சேஃப்டி ஃபிளாக். செய்தியின் இரண்டு பாதியுமே தவறு.

சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் (ஐ.எஸ்.எஸ்.எஃப்) விதிப்படி, கொடி செருகவில்லை என்றால் ஜூரி (போட்டி நடுவர் குழு) உறுப்பினர் முதலில் எச்சரித்து, செருகச் சொல்வார். அதன் பிறகும் மறுத்தால்தான் தகுதிநீக்கம்.

கொடி என்பது சும்மா தொங்கும் துணுக்கு அல்ல. ஏர் ரைஃபிளில் அந்தப் பளிச்சென்ற ஆரஞ்சு வடம் குழல் முழுக்க ஓடி வாய் வழியாக வெளியே தெரிய வேண்டும். உள்ளே ஒரு பெல்லட் (சிறு ஈயக் குண்டு) சிக்கியிருந்தால் வடம் போகாது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். குட்டையாக வெட்டிய துண்டைச் செருகினால் இந்தச் சோதனையே நடக்காமல் போகிறது. பயிற்சிக் கூடங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

உண்மையில் ஆபத்து இரண்டாவது பாதியில்தான். சுட்டு முடித்ததும் லீவரைத் திறந்து, பெல்லட் இல்லை என உறுதிசெய்து, கொடியைச் செருகி, ரேஞ்ச் ஆபீசர் (சுடுதளத்தைக் கவனிக்கும் அதிகாரி) வந்து பார்க்கும்வரை சுடும் இடத்திலேயே காத்திருக்க வேண்டும். அவர் பார்ப்பதற்குள் ரைஃபிளைப் பெட்டியில் வைத்தாலோ எடுத்துக்கொண்டு நகர்ந்தாலோ, கடுமையான பாதுகாப்பு மீறல் என ஜூரி முடிவுசெய்தால் தகுதிநீக்கம் செய்யலாம். எத்தனை புள்ளி எடுத்திருந்தாலும் சரி.