முதல் ஆண்டில் 2 பாடங்கள் முக்கியம்
வேலை பார்த்துக்கொண்டே கணினி அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெற முடியுமா என்று ஒரு கட்டுரையாளர் கேட்டிருந்தார். நிச்சயம் முடியும். சிங்கப்பூரின் ஈசூனில் இருந்தபடியே அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் படிப்பை முடித்தவன் நான். மொத்தம் 10 பாடங்கள், 6 ஆண்டு அவகாசம். ஆனால் முதல் 12 மாதங்களுக்குள் 2 அடிப்படைப் பாடங்களில் 'பி' தரமாவது வாங்கியாக வேண்டும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே கடினமான பாடத்தில் கை வைக்காதீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குப் பருவத்துக்கு ஒன்றே போதும்.

வேலைக்கு ராஃபிள்ஸ் பிளேஸ் போய்ச் சேருவதற்குள் ரயிலில் ஒரு விரிவுரையைப் பார்த்துவிடுவேன். நிரல் எழுத இரவுதான். அம்மா வைத்துவிட்டுப் போன தேநீர் ஆடை படிந்து கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைவிட அதுதான் பெரிய செலவு.