நகம் ஒன்றுக்கு 5 ரூபாய்

தோட்டத்தம்மா: நகத்தை எடுங்கள் தம்பி.

கார்க்காரர்: இல்லைங்கம்மா, பிஞ்சா முற்றலா என்று பார்க்கிறேன்.

தோட்டத்தம்மா: பிஞ்சுதான். காலையில்தான் கொடியிலிருந்து அறுத்தேன். கேட்டால் வாயாலேயே சொல்லியிருப்பேனே.

கார்க்காரர்: வாய் எதுவும் சொல்லுமுங்க. நகம் பொய் சொல்லாது.

தோட்டத்தம்மா: சரி, நகம் என்ன சொன்னது?

கார்க்காரர்: பிஞ்சு என்றது.

தோட்டத்தம்மா: அப்ப தராசில் வைக்கட்டுமா?

கார்க்காரர்: எனக்குச் சுரைக்காய் வேண்டாமுங்க. சும்மா பார்த்தேன்.

(குன்றக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போகிற வழியில் ஓர் ஓலைக் கொட்டகை. பின்னாலேயே தோட்டம். மகன் தண்ணீர் பாய்ச்சுகிறான், மருமகள் புடலைக்குக் கல் கட்டுகிறாள், அம்மாவுக்குத் தராசு. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருந்தது. நான் புடலங்காய் வாங்க அவர் பின்னால் நின்றேன்.)

தோட்டத்தம்மா: பிறகு என்னதான் வேண்டும்?

கார்க்காரர்: அரசாணிக்காய்.

தோட்டத்தம்மா: நல்லது. யாருக்குக் கல்யாணம்?

கார்க்காரர்: கல்யாணமா?

தோட்டத்தம்மா: அரசாணிக்கால் நடப் போகிறீர்கள் இல்லையா? அதை நான் விற்கிறதில்லை. கண்மாய்க்கரையில் அரசமரம் நிற்கிறது, ஒரு கிளை ஒடித்துக்கொள்ளுங்கள்.

கார்க்காரர்: கால் இல்லைங்கம்மா, காய்! மஞ்சளாக, உருண்டையாக, குழம்புக்குப் போடுவதுங்க. அதோ உங்கள் காலடியில் கிடக்கிறதே.

தோட்டத்தம்மா: பரங்கிக்காயா? அதைச் சொல்லத் தாலி கட்டுகிற வரைக்கும் போய்விட்டீர்களே.

கார்க்காரர்: கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய் என்போமுங்க. என் வீட்டுக்காரி சென்னை. அவள் பூசணிக்காய் என்பாள்.

தோட்டத்தம்மா: இங்கே பூசணி என்றால் அந்த மூலையில் சாம்பல் பூசிக் கிடக்கிறதே, அது. உங்கள் வீட்டில் குழம்பு வைக்கும் முன்னால் பஞ்சாயத்து கூட்டவேண்டும் போலிருக்கிறது. தம்பி, நகம்.

கார்க்காரர்: எங்கே?

தோட்டத்தம்மா: சுரைக்காயில். இது இரண்டாவது. வேண்டாத காயில் எதற்கு இரண்டு தடவை?

கார்க்காரர்: கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதுங்க.

தோட்டத்தம்மா: நகம் பட்ட இடம் நாளைக்குக் கறுத்துவிடும். அடுத்து வருகிறவர் சொத்தை என்பார். அப்புறம் அது மாட்டுக்குத்தான். இன்று முதல் நகம் ஒன்றுக்கு 5 ரூபாய்.

கார்க்காரர்: ஹஹ்ஹா. நல்லாப் பேசறீங்க. பரங்கி கிலோ என்ன விலைங்க?

தோட்டத்தம்மா: 25.

கார்க்காரர்: எங்கள் ஊர் உழவர் சந்தையில் 18 தானுங்க.

தோட்டத்தம்மா: போய் வாங்கி வாருங்கள். அதுவரை உங்கள் காரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கார்க்காரர்: கோபப்படாதீங்கம்மா. நேரே தோட்டத்தில் வாங்குகிறோம். இடையில் தரகர் இல்லை, லாரி வாடகை இல்லை. குறைய வேண்டாமா?

தோட்டத்தம்மா: ஆடி பிறக்கும் முன்னே போட்ட விதை. 100 நாள் ஆகிறது. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, காய்க்காது. பெண் பூ வந்தால் அதற்குத் தேனீ வரவேண்டும். தேனீ வராத அன்றைக்கு மகன் விடிகாலையில் எழுந்து ஆண் பூவைப் பறித்து ஒவ்வொன்றாகத் தொட்டுவைக்கிறான். காய் பிடித்தால் பழ ஈ. ஈயை விரட்டினால் மயில். மயிலை விரட்டினால், முருகன் வாகனத்தை அடிக்கலாமா என்று கேட்க ஊரில் நாலு பேர். இதில் எதைக் குறைக்கட்டும், தேனீயையா?

கார்க்காரர்: மயிலும் தின்கிறதா?

தோட்டத்தம்மா: தின்கிறது. ஆனால் மயில் ஒன்றைக் கொத்தினால் அதைத் தின்றுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும்.

(இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். நான் புடலங்காயைப் பார்த்தேன்.)

கார்க்காரர்: இந்தப் பரங்கி முற்றினதுதானா... ஆ! அம்மா!

தோட்டத்தம்மா: மடங்கிவிட்டதா? முற்றின பரங்கியில் நகம் இறங்காது. அதுதான் அடையாளம். காம்பும் காய்ந்திருக்கிறது, பாருங்கள். மூன்று.

கார்க்காரர்: இறங்காத நகத்துக்குமா காசு?

தோட்டத்தம்மா: முயற்சிக்கும் உண்டு. எங்கே தங்கியிருக்கிறீர்கள்?

கார்க்காரர்: கானாடுகாத்தானில். பழைய செட்டியார் வீடுங்க, ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். தூண் எல்லாம் பர்மாத் தேக்கு. வரும் வழியில் ஆத்தங்குடியில் தரைக்குக் கல்லும் சொல்லிவிட்டு வந்தோம்.

தோட்டத்தம்மா: அந்தத் தேக்கையும் கல்லையும் நகத்தால் கீறிப் பார்த்தீர்களா?

கார்க்காரர்: அதெப்படிங்க? விலை உயர்ந்த பொருள்.

தோட்டத்தம்மா: இந்தப் பரங்கி 4 கிலோ. 100 ரூபாய்.

கார்க்காரர்: 80 போட்டுக்கொள்ளுங்க. இல்லை, பாதி வெட்டிக் கொடுங்க.

தோட்டத்தம்மா: மீதிப் பாதியை யார் வாங்குவார்? முழுதாக வைத்தால் மாசக்கணக்கில் கெடாது. வெட்டினால் நாளைக்குக் கொழகொழவென்று ஆகிவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த காயாம், பேரன் படித்துச் சொன்னான். பேரே பரங்கிதானே. அத்தனை கடல் தாண்டி முழுசாக வந்ததை நான் பாதியாக அனுப்பவா?

கார்க்காரர்: சரிங்க, முழுசாகவே வையுங்க. அப்புறம் திருஷ்டிக்கு ஒரு பூசணி. வண்டிக்குப் பூஜை போடணும். இருப்பதிலேயே பெரிசா எடுங்க.

தோட்டத்தம்மா: அது 6 கிலோ. கிலோ 30.

கார்க்காரர்: எடுங்க, எடுங்க.

தோட்டத்தம்மா: 180 ரூபாய் தம்பி.

கார்க்காரர்: பரவாயில்லைங்க. என்னங்க இது, கையெல்லாம் வெள்ளை! மருந்து தூவியிருக்கிறீர்களா?

தோட்டத்தம்மா: அந்தச் சாம்பல் காய்க்குத் தானாகவே வருவது. முற்றினால் பூக்கும். அது இருக்கிற வரைக்கும் காய் கெடாது. இப்போது துடைத்துவிட்டீர்கள். நாலு.

கார்க்காரர்: நகம் வைக்கலைங்க, விரல்தான்!

தோட்டத்தம்மா: நகம் விரலில்தானே இருக்கிறது.

கார்க்காரர்: எப்படியும் உடைக்கத்தானே போகிறேன். இந்தப் பூசணியை யாருங்க சாப்பிடுவார்கள்?

தோட்டத்தம்மா: காசி அல்வா சாப்பிட்டதில்லையா?

கார்க்காரர்: அது பூசணியா? காசியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன்.

தோட்டத்தம்மா: தின்கிற காய்க்கு 20 ரூபாய் குறைக்கச் சொன்னீர்கள். தெருவில் போட்டு உடைக்கிற காய்க்கு விலையே கேட்கவில்லை. அதுவும் இதே தோட்டம், இதே தண்ணீர். உடைத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போங்கள். போன வருடம் அந்த வளைவில் யாரோ நடுரோட்டில் உடைத்துவிட்டுப் போனார்கள். டியூஷனுக்குப் போன பையன் வண்டி சறுக்கி முழங்கை எலும்பு முறிந்தது. உடைத்தவர் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் ஓடும்.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பம்ப்செட் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.)

கார்க்காரர்: வீட்டு வாசலிலேயே ஓரமாக உடைக்கிறேனுங்க. இந்தாங்க 300. மீதி 20-ஐ வைத்துக்கொள்ளுங்க, சந்தோஷமா.

தோட்டத்தம்மா: எந்த மீதி? 100, 180, நாலு நகம். கணக்கு சரியாக இருக்கிறது.

கார் கிளம்பியது. அந்த இரண்டு சுரைக்காயையும் எடுத்து மாட்டுத் தொட்டிப் பக்கம் வைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு?”

“ஒரு கிலோ புடலங்காய். நீங்களே எடுத்துப் போடுங்கள்” என்றேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு.