நூலுக்கு மட்டும்தான் விலையா?

"இது மெஷினில் போட்டதுதானே?" என்று கேட்டுக்கொண்டே, நாங்கள் கையால் பின்னி விற்கும் குழந்தை ஸ்வெட்டரின் கழுத்தை வாடிக்கையாளர்கள் இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறார்கள். பின்னலின் கண்ணி, அதாவது நூல் வளையம், தளர்ந்தால் யார் பொறுப்பு? குழந்தையின் தலை நோகாமல் நுழைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த விளிம்பை நெகிழ்வாகப் பின்னி முடிக்கிறோம். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் என்று தனித்தனியாகப் பின்னி, இணைப்பு உறுத்தாமல் சேர்க்கிறோம். ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவியதைக் கவனிக்காமல் விட்டால் ஏணிப்படி போலக் கீழே வரை பிரிந்து இறங்கும். பிறகு தூக்கம் ஏது?

இத்தனைக்கும் பிறகு விலையைச் சொன்னால், "நூல் இவ்வளவா ஆகும்?" என்கிறார்கள். கைக்குக் கூலி கிடையாதா? கண்ணுக்கு? கழுத்து வலிக்கு?

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊட்டியே நிரம்பி வழியும்போது இங்கே கைவினைச் சந்தையில் கடை போட்டுப் பாருங்கள், தெரியும். வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். திடீர் மழையில் கம்பளி நனையாமல் காக்க வேண்டும். "லூதியானாவிலிருந்து வரும் மெஷின் ஸ்வெட்டர் சாலையோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே" என்கிறார் ஒருவர். அப்படியென்றால் அங்கேயே வாங்க வேண்டியதுதானே! இன்னொருவர் போட்டோ எடுத்துக்கொண்டு, "எப்படிப் பின்னுவது என்று சொல்லுங்கள், நானே போட்டுக்கொள்கிறேன்" என்கிறார். ஐஸ்கிரீம் ஒழுகும் விரலோடு வெள்ளைத் தொப்பியைப் புரட்டிப் பார்த்த அம்மா, "வேறு நிறம் இல்லையா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். கறை பட்ட தொப்பியை இனி யார் வாங்குவார்கள்?