"இன்னும் நேரம் இருக்கிறது" என்று 73 வயதுக்காரர்களிடம் சொன்னார்கள்

சுவிட்சர்லாந்துப் பாட்டிமார்கள் போட்ட பருவநிலை வழக்கைப் பற்றிப் பேசினாலே, "இதையெல்லாம் நீதிபதிகளே முடிவு செய்வதென்றால் தேர்தல் எதற்கு?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வழக்கு நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும்.

2016-ல் சங்கம் தொடங்கினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 73. அனல் அடிக்கும் நாட்களில் சன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டிய வயது. 2003 கோடை வெப்பத்தில் அந்தச் சின்ன நாட்டில் வழக்கத்தைவிடக் கிட்டத்தட்ட 1,000 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள்.

பருவநிலை மாற்றத்தைத் தடுக்க எடுக்கும் நடவடிக்கைகள் போதாது என்று அரசிடம் மனு கொடுத்தார்கள், தள்ளுபடி. 2018-ல் கீழ் நீதிமன்றம், வெப்பத்தால் உங்களுக்கு மட்டும் தனிப் பாதிப்பு இல்லை என்றது. 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது: புவி வெப்ப உயர்வு, உலக நாடுகள் ஒப்புக்கொண்ட 2 டிகிரி வரம்பைத் தொட இன்னும் காலம் இருக்கிறதாம், அதற்குள் தடுத்துவிடலாமாம். சங்கத்தோடு சேர்ந்து தனியாகவும் மனு போட்ட நான்கு பெண்களில் ஒருவர், இறுதித் தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துவிட்டார்.

2024 ஏப்ரல் 9 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 16 நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறுபக்கமுமாக, சுவிஸ் அரசு இவர்களின் உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. இந்த வரியைப் போடு, அந்த ஆலையை மூடு என்று எதுவும் சொல்லவில்லை. நாடு இன்னும் எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்ற கணக்கே உங்களிடம் இல்லை, 2020-க்குள் எட்டுவதாக நீங்களே வைத்த 20 சதவீத வாயுக் குறைப்பு இலக்கையும் எட்டவில்லை என்றது. வழியைத் தேர்ந்தெடுப்பது அரசின் பொறுப்பு என்று விட்டுவிட்டது. இதில் மக்களாட்சிக்கு என்ன குறை வந்தது?

இரண்டே மாதத்தில் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், நாங்கள் செய்தது போதும், இந்தத் தீர்ப்புக்காக மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லை என்று அறிவித்தன. எனக்கு மிகவும் வலித்தது. 2021 பொதுவாக்கெடுப்பில் 51.6 சதவீதம் பேர் பருவநிலைச் சட்டத்தை நிராகரித்தது உண்மை. 2023-ல் அதே மக்கள் 59 சதவீத வாக்குகளோடு வேறொரு பருவநிலைச் சட்டத்தை ஏற்றதும் உண்மை. மக்கள் மனம் மாறுவார்கள், சரி. அதுவரை வெயிலில் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் எங்கே போய் முறையிடுவது?

இந்தத் தீர்ப்பில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. சங்கத்தின் மனுவை ஏற்ற நீதிமன்றம், அந்த நால்வரின் தனி மனுக்களை ஏற்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து போனதால்தான் கதவு திறந்தது. அப்படிச் சேர்ந்ததும் மக்களாட்சிதானே?