பளபள புத்தகத்த நம்பி ஒம்பதாயிரம் விட்ட கதை

பழைய துப்பாக்கிகளப் பத்தி புத்தகம் எழுதுறவனுக்கு கூச்சம்னு ஒண்ணு இருக்காதான்னு தெரியல. இருந்திருந்தா என் ஒம்பதாயிரம் போயிருக்காது. புத்தகத்துக்கு குடுத்த நாலாயிரத்து எண்ணூறு தனிக் கணக்கு, அதுக்கு கஸ்டம்ஸ்ல வேற ஒரு தொகைய புடுங்குனானுங்க.

மொதல்லயே சொல்லிடுறேன், சுடுற துப்பாக்கி எதுவும் என்கிட்ட கிடையாது. எங்க ஐயா இருந்த வரைக்கும் லைசென்ஸ் துப்பாக்கி ஒண்ணு வீட்ல இருந்துச்சு, ஒவ்வொரு எலெக்சனுக்கும் அத ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டு வருவாரு, அவர் போனதுக்கப்புறம் அப்பச்சி "இத யாரு கட்டி அழுறது"ன்னு சரண்டர் பண்ணிட்டாரு. நான் சேக்குறதெல்லாம் உதிரிதான். துப்பாக்கிக் கட்டையோட பின்பக்கம் பித்தளை மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்குமே அந்த எண்ணெய் குப்பி, அஞ்சு தோட்டா சொருகுற சார்ஜர் கிளிப், வார் மாட்டுற கொக்கி, பழைய லாக்கு (சுத்தியல் மாட்டியிருக்குமே, துப்பாக்கியோட பக்கவாட்டு இரும்புத் தகடு, அது), இந்த மாதிரி. காரைக்குடியில பழைய சாமான் விக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுல எல்லாரும் மரவைக்கும் எனாமல் சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் பேரம் பேசிட்டு இருப்பாங்க, நான் மட்டும் கடைக்கு பின்னால துருப்பிடிச்ச டப்பாவ கொட்டி கிளறிட்டு இருப்பேன். ஆத்தாவுக்கு இதுல பயங்கர கடுப்பு. ஊருல எல்லாரும் பழைய சாமான வித்துட்டு இருக்காங்க, இவன் ஒருத்தன் வாங்கிட்டு வர்றான்னு சொல்லும்.

சரி, கதைக்கு வர்றேன்.

இந்த புத்தகம் வந்தப்ப எனக்கு தலைகால் புரியல. அம்மிக்கல்லு வெயிட்டு, கண்ணாடி மாதிரி பேப்பரு, பக்கத்துக்கு ரெண்டு கலர் படம், அட்டையில ஏதோ விக்டோரியா காலத்து சிப்பாய் முறைச்சுட்டு நிக்கிறான். பட்டாலையில உக்காந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். அதுல ஒரு பக்கத்துல, லாக்குல டவர்னு எழுத்தும் மேல கிரீடமும் இருந்தா அது லண்டன் டவர்லயே செஞ்ச அரசாங்க துப்பாக்கி, அசல், அரிதுன்னு கட்டம் கட்டி போட்டிருந்தான். கட்டம் கட்டி!

அடுத்த வாரமே, சாமி குடுத்த மாதிரி, கடையில ஒரு லாக்கு. குழா இல்ல, கட்டை இல்ல, சுத்தியலோட சேந்த லாக்கு மட்டும். துருவ லேசா தேச்சா டவர், கீழ 1862, சுத்தியலுக்கு பின்னால கிரீடம். கடைக்காரண்ணன் என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டாரு. "செட்டியாரே, லண்டன்ல செஞ்சது, பர்மாவுல இருந்த வீட்டுக்காரங்க சாமானோட வந்தது, பன்னெண்டுக்கு கேட்டுட்டு போயிருக்காங்க." நானும் பெரிய புத்திசாலி மாதிரி பேரம் பேசி ஒம்பதுக்கு முடிச்சேன். வீட்டுக்கு வந்து ஆத்தாகிட்ட தொள்ளாயிரம்னு சொன்னேன், அதுக்கே திட்டு.

தேவகோட்டை பக்கம் ஒரு அண்ணன் இருக்காரு, மிலிட்டரியில ஆர்மரரா இருந்து ரிட்டயர் ஆனவரு, ரைபிள் ரிப்பேர் பாத்தே வாழ்க்கைய ஓட்டுனவரு. பெருமை அடிக்கலாம்னு அவருகிட்ட கொண்டு போனேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு லாக்க கண்ணுக்கு கிட்ட கொண்டு போனாரு, திருப்பினாரு, மறுபடி திருப்பினாரு. "அம்பு எங்க தம்பி?" ன்னாரு.

"என்ன அம்புண்ணே?"

"கிரீடத்துக்கு கீழ வி.ஆர்னு இருக்கணும். விக்டோரியா ராணியோட எழுத்து. அது எங்க? பக்கத்துல அம்பு மாதிரி ஒரு முத்திரை இருக்கணும், கோழிக்கால் கணக்கா மூணு கோடு. அது இருந்தாத்தான் சர்க்கார் சொத்து. ரெண்டும் இல்ல. வெறும் கிரீடத்த வச்சு என்ன பண்றது?"

எனக்கு வயித்துல புளியக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் பொறுமையா அவர்தான் சொன்னாரு. அந்தக் காலத்துல டவர்ங்கிறது சர்க்கார் ஆயுதக் கிடங்கு, லாக்கும் குழாயும் பாதிக்கு மேல பர்மிங்ஹாம் பட்டறைகள்ல கான்ட்ராக்ட்ல செஞ்சு வர்றது, அதனால டவர்னு இருந்தா அங்கதான் செஞ்சாங்கன்னு அர்த்தமே கிடையாது. அதுவும் போக, அந்த பேருக்கு மவுசு இருக்குன்னு தெரிஞ்சதும் அதே பர்மிங்ஹாம்காரன் வியாபாரத்துக்கு செஞ்ச துப்பாக்கியிலயும் டவர்னு அடிச்சு கப்பல்ல ஏத்திட்டான், பெல்ஜியத்துல லீஜ்ங்கிற ஊர்லயும் அடிச்சானுங்க. நம்ம வீட்டு ஆளுயரக் கண்ணாடி மட்டும்தான் பெல்ஜியம்னு நெனச்சேன், என் லாக்கும் பெல்ஜியமா இருக்கலாம் போல.

இதுல எவ்வளவு புத்தகத்துல இருந்துச்சுங்கிறீங்க? ஒரு வரி இல்ல. அம்பு முத்திரை பத்தி நானூத்திச் சொச்சம் பக்கத்துல ஒரே ஒரு வரி இல்ல! சிப்பாயோட மீசைக்கு முழுப்பக்க படம் இருக்கு.

அன்னைலருந்து எனக்கு வெறி. இது வரைக்கும் சேத்து வச்ச அத்தனை புத்தகத்தையும் எடுத்து திண்ணையில போட்டு ஒண்ணொண்ணா பாத்தேன். ஒருத்தன் எழுதுன தப்ப அடுத்தவன் அப்படியே எடுத்து எழுதியிருக்கான், அத மூணாவது ஆளு படத்தோட எடுத்திருக்கான், அதே படம் அதே நெழல், ஒரே தப்பு மூணு தலைமுறையா ஓடிட்டு இருக்கு. ஒண்ணுல 1907ல வந்த மார்க் த்ரீ என்ஃபீல்டு, பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிள்னு ஒரு படம், கட்டை வந்து சேர்ற கழுத்துப் பட்டையில முத்திரை தெளிவா தெரியுது, வி.ஆர்! விக்டோரியா 1901 ஜனவரியிலயே போய் சேந்தாச்சு, ஆறு வருசம் கழிச்சு வந்த ரைபிள்ல அந்தம்மா எழுத்து எங்கேருந்து வந்துச்சு? கைபர் கணவாய் பக்கம் பட்டறையில கையால செஞ்ச நகல் அது, அந்தப் பக்கம் செய்யிறவங்க இங்கிலீசு படிக்கத் தெரியாம முத்திரையப் பாத்து பாத்து வெட்டுனதால இங்கிலீசு N எழுத்தே திரும்பி நிக்கும்னு கொஞ்சம் தெரிஞ்சவனுக்கு எல்லாம் தெரியும். எழுதுனவன் அத அசல்னு போட்டு விலையும் போட்டிருக்கான்.

இப்ப நான் ஒரு சோதனை வச்சிருக்கேன். எந்த புத்தகம் கைக்கு வந்தாலும் மொதல்ல இஷாப்பூர் பக்கத்தத் திருப்புவேன். கல்கத்தாவுக்கு பக்கத்துல இருக்கே, அந்த ரைபிள் ஃபேக்டரி. நம்ம நாட்டுல போலீஸ் தோள்ல ரொம்ப காலம் தொங்குன த்ரீ நாட் த்ரீ ரைபிள் செஞ்ச எடம். வெள்ளைக்காரன் இருந்தப்ப ஜார்ஜ் ராஜாவோட எழுத்து ஜி.ஆர்.ஐ.ன்னு அடிச்சாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துச்சு. இவ்வளவு பெரிய கதைக்கு பாதி புத்தகத்துல அரைப் பக்கம் கூட இல்ல. இருக்கிறதுலயும் 60-கள்ல வந்த டூ ஏ ரைபிள பழைய த்ரீ நாட் த்ரீய மாத்தி செவன் சிக்ஸ் டூ (7.62 மி.மீ.) தோட்டாவுக்கு ஆக்குனதுன்னு எழுதியிருந்தா அங்கயே மூடி வச்சுருவேன். அது மாத்துனது இல்லய்யா, புதுசா, நல்ல ஸ்டீல்ல அதுக்குன்னே செஞ்சது, மேகசினப் பாத்தாலே தெரியும், சதுரமா இருக்கும். அதே மாதிரி முன்னூத்திப் பதினஞ்சு போர் (.315 bore) ரைபிள், நம்மூர்ல லைசென்ஸ்காரங்க நெறைய பேர் வச்சிருக்கிறது, அதுக்கும் த்ரீ நாட் த்ரீக்கும் தோட்டா ஒண்ணுன்னு எழுதுன மகானும் இருக்கான். பட்டாளத்து தோட்டா ஜனங்க கைக்கு போகக்கூடாதுன்னுதானே அத வேற தோட்டாவுக்கு செஞ்சாங்க, உடம்பு மட்டும் என்ஃபீல்டு உடம்பு. இத நம்பி எவனாவது மாத்திப் போட்டா என்ன ஆகும்னு யோசிக்க வேணாமா?

இன்னொரு வயித்தெரிச்சல், அமெரிக்கா புத்தகம். 1898லயோ அதுக்கு முந்தியோ செஞ்சதுன்னா பழம்பொருள், கவலைப்படாம வாங்குன்னு எழுதியிருப்பான். அது அவன் ஊர்ச் சட்டம். நம்மூர்ல 1959 ஆயுதச் சட்டத்துல 45ம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பழைய மாடலோ பழம்பொருளோ எதுவா இருந்தாலும் ரிப்பேர் பண்ணியும் கூட சுட முடியாத நெலையில இருந்தாத்தான் விலக்கு, வருசத்த வச்சு இல்ல. நம்ம பக்கம் ஒரு பையன் அந்த புத்தகத்த ஆதாரமா காட்டி ஒரு நாட்டுத் துப்பாக்கிக் குழாய வாங்கப் பாத்தான், நல்ல வேளை, கைய புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

அப்புறம் இந்த பழைய புத்தகத்த ஸ்கேன் பண்ணி அச்சடிச்சு விக்கிற கும்பல். பிரிட்டிஷ் சர்க்காரே 1860-கள்லருந்து எந்த மாடல்ல எப்ப என்ன மாத்துனாங்கன்னு நம்பர் போட்டு வெளியிட்ட மாற்றப் பட்டியல் இருக்கு, ஆர்மரருக்கு குடுத்த கையேடு இருக்கு, அதுதான் உண்மையான சாட்சி. இவனுங்க அத அச்சடிக்கிற அழகு இருக்கே, மடிச்சு வச்ச வரைபடத்த விரிக்காமலே ஸ்கேன் பண்ணியிருக்கான், ஒரு பக்கத்துல ஸ்கேன் பண்ணவன் கட்டை விரல் இருக்கு. நான் காசு குடுத்து வாங்குனது எவனோ ஒருத்தனோட கட்டை விரல.

இப்ப புதுசா கம்ப்யூட்டரே எழுதுற புத்தகம் வேற வந்தாச்சு. அட்டைப் படத்துல போல்ட் கைப்பிடி இடது பக்கம், ட்ரிக்கர் ரெண்டு. அதப் பத்தி பேசுனா பிபி ஏறும், விடுங்க.

நல்ல புத்தகமே இல்லன்னு சொல்லல. அந்த ஆர்மரர் அண்ணன் வீட்ல ஒண்ணு இருக்கு, அட்டை கிழிஞ்சு, கருப்பு வெள்ளை, அழகே கிடையாது. ஆனா ஒவ்வொரு முத்திரைக்கும் கிட்டத்துல எடுத்த படம், எந்த ரைபிள்ல பாத்தேன், அதோட நம்பர் என்ன, இது எனக்கு தெரியல, இத இன்னும் நான் நேர்ல பாக்கலன்னு எழுதுனவரே அங்கங்க ஒத்துக்கிட்டிருக்காரு. தெரியலன்னு எழுத ஒரு தைரியம் வேணும்ல. அது இப்ப அச்சுல இல்ல, பழைய காப்பி ஒண்ணுக்கு கேக்குற விலைக்கு பூர்வீக வீட்டுல எங்க புள்ளிய, அதாவது எங்க பங்க, வித்தாத்தான் ஆகும். நானும் இரவல் கேட்டேன். "இங்கயே உக்காந்து படிச்சுட்டு போ, காபி தர்றேன், புத்தகம் வாசப்படி தாண்டாது"ன்னுட்டாரு. அவர் மேல கோவமே வரல.

கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர் வாழ்நாள் பூரா புத்தகமா சேத்து, அது இன்னைக்கு சென்னையில ஒரு ஆராய்ச்சி நூலகமாவே இருக்கு. நோட்டீசையும் கூட விடாம சேத்தவரு. கோட்டையூர்லருந்து கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு நான் கட்டை விரல் படத்த சேத்து வச்சிருக்கேன்.

கோவத்துல அந்த பளபள புத்தகத்த தூக்கிட்டுப் போய் அதே கடையில போட்டேன். லாக்க திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு கடைக்காரண்ணன் சாதிச்சுட்டாரு, புத்தகத்துக்கு மட்டும் ஐநூறு குடுத்தாரு. தொலைஞ்சது சனியன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனா, கடை வாசல்ல கண்ணாடி பெட்டிக்குள்ள பட்டுத் துணி விரிச்சு ரெண்டு லாக்கு. பக்கத்துல என் புத்தகம், கட்டம் கட்டுன பக்கத்த திறந்து வச்சிருக்காரு, அந்த வரிக்கு கீழ மஞ்சள் மார்க்கர்ல கோடு வேற. பெங்களூர் கார் ஒண்ணு நிக்குது, தொப்பி போட்ட ஒருத்தர் குனிஞ்சு அத வரி வரியா படிக்கிறாரு. விலைச் சீட்டு பதினஞ்சாயிரம். கடைக்காரண்ணன் என்னப் பாத்து லேசா தலைய ஆட்டி சிரிச்சாரு. அந்தாளுகிட்ட அம்பு எங்கன்னு கேளுங்க சார்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. பெட்டிக்கு கீழ பழைய டப்பாவுல பித்தளை எண்ணெய் குப்பி ஒண்ணு மினுக்குனத கண்ணு பாத்துருச்சு, வாய மூடிக்கிட்டேன்.