சல்காடோவைச் செய்தியாளராகவே மதிப்போம்

2025 மே மாதம் பிரேசில் நாட்டுப் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ பாரிஸில் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது 'மகத்தான கலைஞர்' என்ற பட்டம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு அது உறுத்துகிறது. அவர் எடுத்தது செய்திப் படமா, கலையா என்று பல பத்தாண்டுகள் சண்டை நடந்திருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் செய்தியாளர். பாராட்டினாலும் குறை சொன்னாலும் அவரைச் செய்தியாளராக வைத்துத்தான் பேச வேண்டும்.

பிரேசிலில் பாரா மாநிலத்தின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் 1986இல் அவர் எடுத்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். மனிதர்கள் கையால் தோண்டிய பிரம்மாண்டமான பள்ளம், செங்குத்தான மர ஏணிகள், முதுகில் மண் மூட்டையோடு ஏறும் ஆயிரக்கணக்கான ஆண்கள். அதே வரிசையில் எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு படம். ஒருபுறம் சீருடையில் ராணுவப் போலீஸ்காரர். எதிரே சேறு படிந்த உடம்போடு ஒரு தொழிலாளி. அந்தத் தொழிலாளியின் கை போலீஸ்காரரின் துப்பாக்கிக் குழலை இறுகப் பற்றியிருக்கிறது. சுற்றி நிற்கும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. உடல்களின் வளைவும் ஒளி விழும் விதமும் தேர்ந்த ஓவியன் தீட்டியது போல இருக்கின்றன. அதனால் அது செய்தி இல்லை என்றாகிவிடுமா? அந்தச் சுரங்கத்தில் அதிகாரம் யாரிடம் இருந்தது, அதை யார் எதிர்த்தார்கள் என்பதை அந்த ஒரு கை சொல்லிவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏணிப் படங்களை மட்டும் பார்ப்பவர் அவர்களை அடிமைகள் என்றே நினைப்பார். அவர்கள் அடிமைகள் அல்லர். தங்கம் கிடைக்கும் என்ற ஆசையில் தாமாக வந்தவர்கள். ஒரு பகுதியில் தங்கம் தென்பட்டால், அங்கே மண் சுமந்தவர் தாம் தூக்கி வந்த மூட்டைகளில் ஒன்றைத் தமக்கென எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு மூட்டையில் அதிர்ஷ்டம் இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். இதைச் சல்காடோவே எழுதியிருக்கிறார். படத்தோடு இந்த விவரமும் சேர்ந்தால்தான் செய்தி முழுமையாகிறது. விவரத்தை உருவிவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் பார்ப்பவர் தவறான செய்தியோடுதான் வீடு திரும்புவார்.

அழகாக எடுத்ததே குற்றம் என்றவர்கள் உண்டு. 1991இல் கலை விமர்சகர் இங்க்ரிட் சிஷி 'நியூயார்க்கர்' இதழில் கடுமையாகவே எழுதினார். துயரத்தை அழகாக்கினால் பார்ப்பவர் ரசிப்பதோடு நின்றுவிடுவார் என்பது அவர் வாதம். என்னால் ஏற்க முடியவில்லை. பசித்தவரை மோசமான வெளிச்சத்தில் காட்டினால்தான் உண்மை என்பது என்ன நியாயம்? ஏழை உலகம் மட்டும் ஏன் அசிங்கமாகத் தெரிய வேண்டும் என்று சல்காடோ கேட்டதில் எனக்கு முழு உடன்பாடு. பொருளியல் படித்து, லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் வேலை பார்த்து, அந்த வேலையாக ஆப்பிரிக்கா போனவர் அவர். வறுமை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கேமராவைத் தொழிலாக எடுத்தார். 1984-85இல் ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே உள்ள சாஹேல் பகுதியின் பஞ்சத்தை 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்போடு சேர்ந்து பதிவு செய்தபோதும் அந்த அறிவு அவரோடு இருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோண்டாக் 2003இல் வைத்த குற்றச்சாட்டு வேறு. அதற்கு என்னிடம் மறுப்பில்லை. 1990களில் உலகெங்கும் இடம்பெயர்ந்தவர்களைச் சல்காடோ எடுத்த படங்களில் அந்த மனிதர்களுக்குப் பெயர் இல்லை. பிரபலத்தின் முகத்துக்குக் கீழே தவறாமல் பெயர் இருக்கும். அகதியின் முகத்துக்குக் கீழே 'அகதி' என்று இருந்தால் போதும். போரால் ஓடியவரும் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவரும் ஒரே தலைப்புக்குள் அடைபட்டார்கள். எங்கே, யாரால், ஏன் என்ற கேள்விகள் மங்கிப்போயின. இது செய்தியாளரின் பிழை. பெரிய பிழை.

கலைஞர் என்ற பட்டத்தை நான் எதிர்ப்பது இதனால்தான். ஓவியத்தில் இருக்கும் விவசாயியின் பெயரை யாரும் கேட்பதில்லை. சல்காடோவைக் கலைஞராக்கிவிட்டால், இந்த மனிதர் யார், பிறகு என்ன ஆனார் என்று கேட்கும் உரிமையும் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. அருங்காட்சியகத்துக்கு அது வசதி, படம் வாங்குபவருக்கு அதைவிட வசதி.

2013இல் வெளியான 'ஜெனசிஸ்' என்ற அவரது இயற்கைப் படத் தொகுப்பின் பனிமலைகளையும் பெங்குவின்களையும் கலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வழக்கில்லை.

ஆனால் 2021இல் வந்த 'அமேசோனியா' என்ற படத் தொகுப்பைப் பாருங்கள். காட்டுக்கு நடுவே துணியைத் திரையாகக் கட்டி, அதன் முன்னே பழங்குடி மக்களை உட்காரவைத்து எடுத்த உருவப்படங்கள் அதில் உண்டு. அவர் வாழ்நாளில் எடுத்தவற்றில் கலைக்கூடத்துக்கு மிக நெருக்கமானவை அவைதான். யவனாவா இனத்துப் பெண் ஒருவரின் உருவப்படத்துக்கான குறிப்பில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. முதும் என்ற கிராமம், ஆக்ரி மாநிலம், 2016 என்று இடமும் ஆண்டும் இருக்கின்றன. அழகுக்கு ஒரு குறைவும் வரவில்லை. செர்ரா பெலாடா படங்களை இன்று கண்காட்சியில் வைப்பவர்கள் குறைந்தபட்சம் அந்த ஒற்றை மூட்டைக் கணக்கையாவது படத்தின் கீழே அச்சிட வேண்டும். துப்பாக்கிக் குழலைப் பிடித்த அந்த மனிதர் யார் என்று தேடும் வேலையையும் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும்.